உரிமதாரர் சக்கரபாணி

சக்கரபாணி செத்துப்போன மூன்றாவது மாதம், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவன் மனைவி வேதா வந்து உட்கார்ந்தாள். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை. அது அவளுக்கும் தெரியும். பி.காம். முடித்துவிட்டு வீட்டோடு இருந்தவள், எட்டு வயது இனியாவை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவாள்?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், காது கேளாத பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திவந்த விடுதிப் பள்ளி அது. சக்கரபாணி அங்கே கணக்கர். விடுதிக்கு அரிசி தருவதாகச் சொன்ன ஒரு விவசாயியைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டு மொபெட்டில் திரும்பியவனை, சாலை வளைவில் ஒரு வேன் அடித்துப் போட்டது. ஆஸ்பத்திரியில் அவன் சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வேதாவிடம் கொடுத்தார்கள். சீப்பு, வீட்டுச் சாவி, விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு. அந்தத் துண்டு என்ன என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தூக்கி எறியவில்லை.

வேலையில் சேர்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அறக்கட்டளைச் செயலாளர் இராமலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவள் கொண்டுபோயிருந்த அந்தத் துண்டைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"லாக்குமா இது. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி இதச் சொருவனாத்தான் கணக்கு சாப்ட்வேரே தொறக்கும். திருடு போய்டுமேனு தெனமும் பாக்கெட்ல போட்டுக்கினு போவான். இத எங்க தேடறதுனு தெரியாம முழிச்சிக்கினு இருந்தேன்."

அவரே குனிந்து சொருகினார். திரை கறுத்து, நீலமாகி, நடுவில் ஆங்கில எழுத்தில் ஒரு வரி வந்தது. வெல்கம், சக்கரபாணி.

வேதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர மாத்தணும்னா கம்பெனிக்குத் தனியாக் கட்டணும்மா," என்றார் இராமலிங்கம், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்போதைக்கு இருக்கட்டும். பேருதான."

இருக்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஒவ்வொரு காலையும் அவன் பையில் இருந்து வந்த துண்டைச் சொருகுவாள். திரை அவனை வரவேற்கும். அதற்குப் பிறகு அவள் எழுதுகிற எல்லாமே அவன் பெயரில் பதிவாகும். ரசீதின் அடியில் 'தயாரித்தவர்: சக்கரபாணி' என்று அன்றைய தேதியோடு அச்சாகி வரும். முதல் சில வாரம் அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் ரசீதைக் கிழித்தாள்.

அந்த சாப்ட்வேருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. விவரம் எழுதுகிற கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்தால் போதும், முன்னால் அப்படித் தொடங்கிய வாக்கியத்தைத் தானே எழுதிக் காட்டும். சக்கரபாணி தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற ஆள். 'அ' அடித்தால், 'அரிசி மூட்டை, ஆட்டோ கூலி சேத்து' என்று வரும். 'ப' அடித்தால், 'பசங்க செருப்பு, பெரிய சைஸ் கிடைக்கல'. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான். ஒரு நாள் ஏதோ வேன் வாடகை எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்து விழுந்ததுமே கட்டம் நிரம்பியது: 'வேதாவுக்கு ஜுரம், நேத்து எழுத வேண்டியது.'

எப்போதோ ஒரு நாள் தாமதமாகக் கணக்கு எழுதியதற்கு அவன் போட்டு வைத்த காரணம். அந்த ஜுரம் அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்த வரியை அழிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம்தான் பிள்ளைகளைக் கவனித்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து கணக்கறையைத் தாண்டித்தான் அவர்கள் வகுப்புக்குப் போவார்கள். சத்தமே இருக்காது, செருப்பு தேய்கிற ஒலி மட்டும். போகும்போது சில பிள்ளைகள் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, ஆள்காட்டி விரலால் இடது புருவத்தின் மேல் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்கள். சக்கரபாணிக்கு இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு உண்டு. அவன் பெயரை அந்தப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். சைகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டென்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

போனவனின் பெயரை எதற்காக இந்த வாசலில் நின்று சொல்கிறார்கள்? அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரியும் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. திரும்பினாள். இரும்பு பீரோ, அதற்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னல் முழுக்க மலை.

மறுநாள் நாற்காலியைச் சுவரை ஒட்டித் திருப்பிப் போட்டாள். பிள்ளைகள் அப்போதும் புருவத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

சிறு பிள்ளைகளுக்குத் தெரியும் என்பார்களே, அப்படி ஏதாவது இருக்குமோ? காது கேட்காதவர்களுக்குக் கண் கூடுதலாகத் தெரியுமோ? பேகோபுரத் தெரு வீட்டில், தூங்குகிற இனியாவின் பக்கத்தில் படுத்து இதையே நினைப்பாள். பயமாக இருக்கும். ஆனால் காலையில் பஸ் பிடிக்கக் கிளம்பும்போது கால் தானாக வேகம் எடுக்கும். வேலையில் சேர்ந்ததில் இருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் இனியாவை அவள் ஒரு நாள்கூடக் கூட்டிப்போகவில்லை. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மகளோடு பகிர்ந்துகொள்ள மனம் வரவில்லையோ என்னவோ.

போகப்போக எழுதியதும் எழுதாததும் குழம்ப ஆரம்பித்தது. நேற்று எழுதினோமே என்று ஒரு பதிவைத் தேடுவாள், இருக்காது. வேறொன்று இருக்கும், எழுதிய நினைவே வராது. அடியில் அவன் பெயர், நேற்றைய தேதி. 'இதை நான்தான எழுதினேன்?' என்று ஒரு மதியம் வாய்விட்டே கேட்டாள். சாயங்காலம் மின்விசிறியை நிறுத்தும்போது "வரட்டா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது எப்போது பழக்கமானது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. 2005 கார்த்திகை தீபம் முடிந்து வெளியூர்க் கூட்டம் கலைந்த சமயம், லாக் தகராறு செய்ய ஆரம்பித்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து, சாவி காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பின்னால் கைவிட்டுத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் திரும்பவும் சக்கரபாணிக்கு வணக்கம் சொல்லித் திறக்கும். வேதா ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் கணக்கு எழுதினாள்.

அதே சமயத்தில் ஆடிட்டரும் பிடித்துக்கொண்டார். "செத்துப்போனவர் பேர்ல ரசீது வருது. நன்கொடை குடுத்தவங்க யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று இராமலிங்கத்திடம் போனில் கத்தினாராம். இராமலிங்கம் இரண்டு பேரை வரச்சொன்னார்.

ஒருவர் அர்ஜுனன். சாப்ட்வேரை விற்ற சென்னைக் கம்பெனிக்கு வேலூர் ஏஜென்ட். இன்னொருத்தி அபிநயா, வேங்கிக்கால் பெண், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவள் தம்பி கோபி இங்கேதான் படித்துக்கொண்டிருந்தான். லீவில் வந்திருந்தவளை இராமலிங்கம் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"புது வெர்ஷன் போட்டுக்குங்க சார்," என்றார் அர்ஜுனன். "ஆடிட்டருங்க எல்லாருக்கும் பழக்கமான சாப்ட்வேர். ஏதாவது ஒண்ணுனா போன் பண்ணா ஆள் வரும். வருஷா வருஷம் ஒரு தொகை, அவ்ளோதான்."

"ஒரு ஆளு உபயோகிக்க ஒரு காசு, ரெண்டு ஆளுக்கு ரெண்டு காசு. அதையும் சொல்லுங்க," என்றாள் அபிநயா. "சார், இது கடைக்காரங்களுக்குப் பண்ண சாப்ட்வேர். இங்க நன்கொடைய விற்பனைனு எழுதறாங்க. குடுத்தவங்க எல்லாம் கஸ்டமராம். காது மெஷினுக்குனு குடுத்தது எவ்ளோ செலவாச்சு, அரிசிக்குனு குடுத்தது எவ்ளோனு தனித்தனியாப் பாக்க முடியுதா? திறந்த மூல சாப்ட்வேர்னு இருக்கு. எப்படி எழுதியிருக்காங்கன்றதே எல்லாருக்கும் திறந்திருக்கும். பூட்டு கிடையாது. நமக்கு வேணுங்கற மாதிரி மாத்திக்கலாம். காசும் கிடையாது."

"காசு இல்லனா பொறுப்பு யாருதும்மா?" இராமலிங்கம் கேட்டார். "நாளைக்கு ஒண்ணு நின்னுபோச்சுனா நான் யார் சட்டையப் புடிக்கறது?"

"என் சட்டைய புடிங்க சார்."

"நீ கல்யாணம் பண்ணிக்கினு போய்டுவ."

அபிநயா சிரித்தாள்.

சுவரோரம் நின்றிருந்த வேதா குறுக்கிட்டாள். "பழைய சாப்ட்வேரே இருக்கட்டும் சார். எனக்கு அதுதான் கை பழகினது. புதுசு எதுவும் வேணாம்." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அபிநயா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். எல்லாம் திறந்திருக்கும், வேண்டியபடி மாற்றலாம் என்று அந்தப் பெண் அடுக்கிக்கொண்டே போனது வேதாவுக்கு வீட்டை உடைப்பதைப் பற்றிப் பேசுகிற மாதிரி கேட்டது. பூட்டு இருப்பதால்தான் அவன் உள்ளே இருக்கிறான்.

"அப்ப எங்க கம்பெனியோடதுனே முடிஞ்சிது," என்று அர்ஜுனன் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒரே ஒரு கையெழுத்து சார். லைசென்ஸ் சக்கரபாணின்ற பேர்ல இருக்கு. அவரு மாத்திக் குடுக்கறதா எழுதித் தரணும். பழைய லாக்கையும் திருப்பி ஒப்படைக்கணும்."

அறக்கட்டளைப் பதிவு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நாளில் சாப்ட்வேர் வாங்கியதால், சக்கரபாணி பெயரிலேயே வாங்கச் சொன்னவர் இராமலிங்கம்தான். அவர் தலையைச் சொறிந்தார். "ஆளே இல்லையேப்பா. இறப்புச் சான்று குடுத்தா ஆவாதா?"

"ஆவும் சார். வாரிசுச் சான்று, அது இதுனு சென்னைக்குப் போய் வர மாசக்கணக்காவும். லாக்கு அது வரைக்கும் தாங்குமா?" அர்ஜுனன் குரலைத் தாழ்த்தினார். "எல்லா எடத்துலயும் வீட்டுக்காரங்களே போட்டுக் குடுத்துடறாங்க. யாரும் எடுத்துப் பாக்கப் போறதில்ல."

இராமலிங்கம் தாளை வேதா பக்கம் நகர்த்தினார். "ஒனக்குத் தெரியாத கையெழுத்தாம்மா?"

வேதா தாளை எடுத்துக்கொண்டு கணக்கறைக்குப் போனாள். 'சக்கரபாணி ஆகிய நான், முழு மனதோடு இந்த உரிமத்தை விட்டுக்கொடுக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வெற்றுத்தாளை எடுத்து வைத்தாள். அவன் கையெழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஒருமுறைகூடப் போட்டதில்லை. கோணலாகத்தான் வரும், இரண்டு மூன்று தரம் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேனாவை வைத்தாள்.

ஒரே இழுப்பில் வந்துவிட்டது. முதல் எழுத்தின் வளைவு, நடுவில் அவசரமாகக் கீழே இறங்குகிற கோடு, கடைசியில் புள்ளி வைக்க மறந்தமாதிரி ஓர் இடைவெளி, அப்புறம் அந்தப் புள்ளி. கை எங்கேயும் நிற்கவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை. மை காயாமல் மினுங்கிற்று. இப்போதுதான் எழுதிவிட்டு எழுந்து போன மாதிரி.

வேதா பேனாவைக் கீழே போட்டாள். எழுதின கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் தோளுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்தது இப்போது மணிக்கட்டுக்குள் வந்துவிட்டதா? முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன் என்று அவன் எப்போது சொன்னான்? ஒரு வேன் வளைவில் வந்ததற்கு அவன் மனதை யார் கேட்டார்கள்?

அர்ஜுனன் வாசலுக்கு வந்தார். "ஆச்சாங்க மேடம்?"

"இதக் குடுத்தா, இப்ப தொறக்கும்போது வர்ற பேரு என்ன ஆவும்?"

"அது அழிஞ்சிடும். உங்க பேரு வரும். அதுக்குத்தானங்க இவ்ளோவும்."

"எழுதும்போது அவரு எழுதினதெல்லாம் தானா வருமே, அது?"

"புது வெர்ஷன்ல எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்." அவர் நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். "லாக்க மட்டும் இப்பவே குடுத்தீங்கனா நான் கையோட எடுத்துக்கினு போய்டுவேன்."

எதைக் காப்பாற்ற இவர் பக்கம் பேசினாளோ, அதையே எடுத்துப் போகத்தான் இந்த மனிதர் வந்திருக்கிறார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

அபிநயா தம்பியோடு அங்கே நின்றிருந்தாள். வேதாவைக் கண்டதும் கோபி புருவத்தின் மேல் விரலை இழுத்தான்.

வேதா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "அபிநயா, இவன் யாரைப் பாத்து அப்படிக் காட்டறான்? கேட்டுச் சொல்லு. யார் நிக்கறாங்க என் பின்னாடி?"

அபிநயாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தம்பி பக்கம் திரும்பிக் கைகளால் கேட்டாள். கோபி முகம் சுளித்தான். இது என்ன கேள்வி என்கிற மாதிரி. மறுபடியும் புருவத்தைத் தொட்டான். பிறகு விரலை நேராக வேதாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

"உங்களத்தான்க்கா," என்றாள் அபிநயா. "அது உங்க பேரு. கணக்கு ரூம்ல இருக்கறவங்களுக்கு அந்தப் பேருதானாம். நீங்க வந்த அன்னிலருந்து உங்கள அப்படித்தான் கூப்டறாங்களாம்."

"அப்ப அவரு?"

அபிநயா கேட்கத் தயங்கினாள். வேதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். கோபி இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்துக் காட்டினான். அந்தச் சைகையை யாரும் வேதாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பின்னால் யாருமே இல்லை. எந்த மதியமும் யாரும் இருந்ததில்லை. பயம் விட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கவரை வாங்கியபோது வராத அழுகை இப்போது வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோபி பயந்துபோய் அக்காவுக்குப் பின்னால் நகர்ந்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், கையெழுத்து இல்லாத அந்தத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"அவரு போட மாட்டாரு சார். அவரு இல்ல. நானும் போட மாட்டேன்."

"அப்ப புதுசா முழு வெலை குடுத்து வாங்கணும்," என்றார் அர்ஜுனன், வருத்தத்தோடுதான்.

இராமலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அபிநயாவைப் பார்த்து, "ஒரு தபா ஒருத்தன் பேர்ல வாங்கி மாட்டிக்கினேன். நீ சொல்றது யார் பேர்ல இருக்கும்?" என்று கேட்டார்.

"யார் பேர்லயும் இருக்காது சார்."

"மூணு மாசம் நோட்டுலயும் அதுலயும் எழுதிப் பாப்போம். ஆடிட்டரு ஒத்துக்கணும். வேதா பிரிச்சு மேஞ்சி கத்துக்கணும், நீ இல்லாட்டியும் ஓடணும். சரினா சொல்லு."

அப்படித்தான் முடிவானது.

லாக் சாவதற்குள் பழைய கணக்கு முழுவதையும் அச்செடுத்துவிட வேண்டும் என்றாள் அபிநயா. கம்பெனியின் சாப்ட்வேரைத் தவிர வேறு எதனாலும் அந்தக் கணக்கைப் படிக்க முடியாது. பழைய பிரிண்டர் நாள் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. பிள்ளைகள் இடைவேளையில் ஓடிவந்து மேசைமேல் உள்ளங்கையைப் பதித்து, அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேதா ஒரு கையால் லாக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். சக்கரபாணி எழுதிய வாக்கியங்கள் தாள் தாளாக விழுந்தன. அவள் எதையும் எடுத்துப் படிக்கவில்லை. படித்தால் இந்த வேலை முடியாது என்று தெரியும். மூன்றாம் நாள் மாலை எவ்வளவு அழுத்தியும் திரை திறக்கவில்லை. போன வருஷத்து நான்கு மாதக் கணக்கு உள்ளேயே தங்கிவிட்டது. ரசீதுகளை வைத்து அவள் அதைத் திரும்ப எழுத வேண்டி வந்தது.

புது சாப்ட்வேர் லேசில் வசப்படவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டிய இடத்தில் வராது. சென்னையில் இருக்கும் அபிநயாவுக்கு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் போட்டு, மீட்டர் ஓட ஓடப் பிரச்சினையைச் சொல்வாள். "திரையில என்னக்கா வந்துச்சு? எழுதிட்டு வந்தத அப்படியே படிங்க," என்பாள் அபிநயா. ஒருமுறை யாரோ முகம் தெரியாத ஆள், எந்த நாட்டிலோ இருந்து, இன்டர்நெட்டில் போட்ட அவள் கேள்விக்கு எழுதிய பதிலை அபிநயா படித்துக் காட்டினாள். அது சரியாகவும் இருந்தது. ஆடிட்டர் முதலில் முகத்தைத் தூக்கினார். காது மெஷினுக்கு வந்த நன்கொடை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒரே தாளில் கண்டபோது பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆங்கிலப் புத்தாண்டு முடிந்து அபிநயா வந்தபோது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "அக்கா, தொறக்கும்போது பழைய மாதிரியே அண்ணன் பேரு வர வெக்கட்டுமா? நம்ம கையிலதான் இருக்கு. பத்து நிமிஷ வேலை."

அந்த வரியை மறுபடி பார்க்க வேதா எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று அவளுக்குத்தான் தெரியும். "வேணாம்மா," என்றாள். "நம்மளே வர வெச்சா அது அவரு வந்த மாதிரி ஆவாது."

மதியங்கள் அதற்குப் பிறகு வெறுமையாகிவிட்டன. எழுதியது எல்லாம் அவள் எழுதியது; குழப்பமில்லை. அந்தத் தெளிவு சில நாள் தாங்க முடியாமல் இருக்கும். அப்போது எழுந்து போய்ப் பிள்ளைகளின் வகுப்பு வாசலில் நிற்பாள். கோபி எத்தனையோ சைகைகளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தான்; பாதியை மறந்துபோவாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை இனியாவுக்குப் பள்ளி விடுமுறை. வேதா அவளைக் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் பஸ் ஏறினாள். இனியா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்; கணக்கறை வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா இங்கதான் இருப்பாரா?"

"ஆமா."

"எங்க உக்காருவாரு?"

வேதா நாற்காலியைக் காட்டினாள். இனியா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. கைப்பிடியில் ரெக்சின் கிழிந்திருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா இங்க ரொம்ப நேரம் இருந்தாரா?"

"எட்டு வருஷம்."

"நான் பொறந்ததுலருந்தா?"

"நீ பொறந்ததுலருந்து."

இனியா அந்த நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டாள். வேதா இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வந்த அரிசிக்கு ரசீது எழுத ஆரம்பித்தாள்.